வேருக்குப் போர்த்திய சேலை

மணமேல்குடிப் பக்கத்திலிருந்து யார் ஈரச் சாக்கோடு பஸ் ஏறினாலும் அது மீன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் சம்மந்தியம்மா, மருமகளைப் பெற்றவர், அன்றைக்கு இரண்டு ஈரச் சாக்கோடு ஏறியிருக்கிறார். சீட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடியிருக்கிறது. கண்டக்டர் வந்து நின்றிருக்கிறார்.

“மீனுன்னா லக்கேஜ் போடணும் ஆத்தா. பின்னால போயி ஒக்காருங்க.”

“மோந்து பாருங்க தம்பி. மீன் வாட அடிச்சா ரெண்டு லக்கேஜாப் போடுங்க.”

அவர் மோந்து பார்க்கவில்லை. ஆனால் அறந்தாங்கி வரைக்கும் பக்கத்து சீட்டில் ஒருவரும் வந்து உட்காரவில்லையாம். “காலை நீட்டிக்கிட்டு சொகுசா வந்தேன் சம்மந்தி” என்று எங்கள் வாசலில் சாக்கை இறக்கும்போதே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாக்குக்குள் இருந்தது மல்லிகை நாற்று. கடலோரத்தில் மணல் பாத்தியில் குச்சி ஊன்றி வேர் விட வைப்பார்கள். வேர் விட்டதும் மண் இல்லாமல் உருவி, வாழை நாரால் கட்டி அனுப்பிவிடுவார்கள். தொட்டியும் கிடையாது, பாக்கெட்டும் கிடையாது. வேர் வெள்ளை நூல் மாதிரி தொங்கும். அந்த நூல் காயாமல் வருகிற வரைக்கும்தான் அது செடி. காய்ந்துவிட்டால் அடுப்புக்குக்கூட ஆகாத குச்சி. சம்மந்தியம்மா ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைச் சாக்கில் ஊற்றிவிட்டுத் தான் தாகத்தோடு வந்திருக்கிறார். வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

ஒரு கட்டுக்கு ஐம்பது செடி. மொத்தம் ஆறு கட்டு. எனக்கு எழுத்துத் தெரியாது, இதைக்கூட நான் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் செடியை எண்ணச் சொன்னால் தப்பாது.

தோட்டம் என் மருமகளுக்கு. வீட்டுக்குப் பின்னால் பதினைந்து சென்ட். புயலில் தென்னை எல்லாம் விழுந்த பிறகு சும்மா கிடந்த இடம். மருமகள் ஆறு வருடமாக முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது, கையில் பட்டால் பொத்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் அவளுக்கு விரல் எல்லாம் கறுத்து, உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து வரும். புளிக்குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில்தான் சோறு சாப்பிடுவாள். அதைப் பார்த்துவிட்டு, “ஒங்க மருமக டவுனுப் பழக்கமுல்ல பழகிட்டா” என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். மருமகளைக் கூப்பிட்டுக் கையை விரித்துக் காட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மல்லிகை வைத்துக்கொள்கிறேன், முந்திரிக்குப் போகவில்லை என்று மருமகள் சொன்னபோது என் மகன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

“ஒரு தடவ வச்சுப் பாரு. கருகிப் போச்சுன்னா பேசாம முந்திரிக்கே போயிரணும்” என்றான்.

அவளும் “சரிங்க” என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு தடவைதான் இந்த இரண்டு சாக்கு.

ஐப்பசி மாதம். இரண்டு நாளைக்கு முன்னால் நல்ல மழை பெய்து நின்றிருந்தது. குழி வெட்டி எருப் போட்டு வைத்திருந்தோம். நான் காலையிலேயே சாணியும் செம்மண்ணும் கரைத்து வைத்துவிட்டேன். தோசை மாவைவிடக் கொஞ்சம் தண்ணீராக இருக்க வேண்டும். வேரை அதில் முக்கி எடுத்தால் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்று வேரைத் தொடாது. சில பேர் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு நடுவார்கள். குழிக்குப் போவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

எங்கள் ஊரில் யார் புதிதாகத் தோட்டம் வைத்தாலும் முதல் செடியை என்னைத்தான் நடச் சொல்வார்கள். என் கை ராசியான கை. ஒடித்துப் போட்ட முருங்கைக் கொம்பு எங்கள் வீட்டில் வேலிக்குப் பக்கத்தில் தானாகத் துளிர்த்திருக்கிறது. சம்மந்தியம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். “முருங்க எங்கிட்டு எறிஞ்சாலும் மொளைக்கும், அதுக்கு எதுக்குக் கைராசி” என்பார்.

முதல் கட்டைச் சாணிக் குழம்பில் முக்கி, ஒரு செடியை உருவிக் கையில் எடுத்துவிட்டேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்தும்விட்டேன். அப்போதுதான் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் வண்டியை வேலியோரம் நிறுத்தி, இறங்காமலே சொன்னான்.

“பெரியவரு போயிட்டாருங்க. இப்பத்தான். வீட்டுல சொல்லிருங்க.”

பெரியவர் என்றால் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். தொண்ணூறு வயதுக்குக் கிட்ட இருக்கும். நல்ல மனிதர்தான், ஆனால் நேரம் காலம் தெரியாது. நாங்கள் நாற்று நடும்போது வரப்பில் வந்து நின்றுகொண்டு, ஆலங்குடியில் என்றைக்கோ பார்த்த ஒரு மாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். போகும்போதும் அப்படித்தான் போனார்.

நான் கையில் இருந்த செடியைக் கட்டுக்குள் திரும்பச் செருகினேன். பங்காளி வீட்டில் சாவு என்றால் எங்களுக்கும் பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போக மாட்டோம், பூ வைக்க மாட்டோம். பூச்செடியைத் தொடவே மாட்டோம்.

“ஒரு செடிகூடவா அத்தே? கையில எடுத்துட்டீங்களே” என்றாள் மருமகள்.

“ஒரு செடியும் கூடாது. மல்லி சாமிக்குப் போற பூவு. தீட்டுக் கையால வச்சா வெளங்காது.”

“எத்தன நாளைக்கு?” என்று சம்மந்தியம்மா கேட்டார்.

“பதினாறு.”

“பதினாறு நாளு வெறும் வேரா வச்சிருக்கப் போறீங்களா சம்மந்தி? கருவாடு போடுறதுன்னா சொல்லுங்க, எங்க ஊர்ல அதுக்கு எடம் இருக்கு.”

எனக்குக் கோபம்தான். ஆனால் சாவு வீட்டுக்குப் போகிற நேரத்தில் வாய் வளர்க்கக் கூடாது. கட்டுகளை நாரில் பிடித்துத் தூக்கி, செடியில் கை படாமல் பூவரச மரத்து நிழலில் அடுக்கினேன். நனைந்த சாக்கு இரண்டையும் அடியில் விரித்தேன். என்னுடைய பழைய நூல் சேலை ஒன்றைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், மேலே நாலு மடிப்பாகப் போர்த்தினேன். நூல் சேலைதான் ஈரம் பிடித்து வைக்கும். சாயங்காலம் வந்து யோசித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கிளம்பினோம். என் வீட்டுக்காரரும் மகனும் பந்தல் வேலைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

அங்கே ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிட்டது. பெரியவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும். அதுவரைக்கும் பெட்டிக்குள்தான். நாங்கள் அழுதோம், கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிறகு பேச்சு வேறு எங்கெங்கோ போனது. சாவு வீட்டுப் பேச்சு அப்படித்தானே. எனக்கு மட்டும் மனசு பூவரச மரத்தடியிலேயே இருந்தது.

மத்தியானம் நானும் மருமகளும் முன்னால் திரும்பினோம். சம்மந்தியம்மா உடனே எழுந்து வந்தால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்துவிட்டார். வந்ததும் வராததுமாக நான் நேரே செடியிடம் போனேன். சேலையைத் தூக்கி, வேரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நான் இன்னும் குளிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்த கையால் சேலையைத் தொட்டுவிட்டேன். தொட்ட துணியை நனைத்துத் துவைக்காமல் வைக்க எனக்கு மனசு வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

போர்வெல் தண்ணீரில் குளித்தேன். கட்டியிருந்த சேலையைத் துவைத்தேன். மருமகள் சேலையைத் துவைத்தேன். பூவரச மரத்தடிச் சேலையையும் எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, அலசிப் பிழிந்து, மூன்றையும் கொடியில் வரிசையாகக் காயப் போட்டேன். ஓரம் சுருங்காமல் இழுத்துவிட்டு, கிளிப்பும் போட்டேன்.

திரும்ப நனைத்துப் போர்த்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் சோறு வந்துவிட்டது. உடலை எடுக்கிற வரைக்கும் பங்காளி வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம். மாமன் மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்குக் கத்தரிக்காய் சாம்பார், நன்றாகவே இருந்தது. சாப்பிட்டேன். அழுத களைப்பு. தலையைச் சாய்த்தேன். மருமகளும் உள்ளே படுத்துவிட்டாள், சேலை இன்னும் செடி மேல்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

சம்மந்தியம்மா குரல் கேட்டுத்தான் விழித்தேன். கொல்லையில் நின்றுகொண்டு நிதானமாகப் பேசினார்.

“சேல நல்லாக் காஞ்சிருக்கு சம்மந்தி. மடிச்சு வச்சுரலாம்.” மரத்தடியைக் காட்டி, “செடியும்தான்” என்றார்.

ஓடினேன். மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது, காற்றும் இருந்தது. பூவரச நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. ஆறு கட்டும் வெறுமனே கிடந்தன. முதல் கட்டில் காலையில் ஒட்டியிருந்த சாணிக் குழம்பு வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. வெளிப்பக்கத்து வேரைத் தொட்டால் தேங்காய் நார் மாதிரி நொறுங்கியது.

மருமகள் வந்து பார்த்தாள். அழவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்த மாதம்தான் அதில் கொஞ்சம் தோல் கூடி வந்திருந்தது.

“நாளான்னைக்கு வாரேன்னு முந்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிறவா அத்தே?” என்றாள்.

“கொஞ்சம் பொறு” என்றேன்.

சம்மந்தியம்மா தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தார். ஒவ்வொரு குச்சியிலும் நகத்தால் லேசாகக் கீறினார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் போய்விட்டது. ஓரமாக அடுக்கியிருந்த இரண்டு கட்டு மோசம். நடுவில் இருந்த நாலு கட்டும் ஒன்றுக்கொன்று அணைத்துக்கொண்டு தப்பித்திருந்தன. வேரின் உள்பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

“இதுகள வாளித் தண்ணியில வைக்கணும். ஒரு மணி நேரம், அதுக்கு மேல வேணாம், அழுகிரும். எலையெல்லாம் உருவிட்டு நுனியக் கிள்ளிரணும். தலையில எலை இருந்தா வேருகிட்ட தண்ணி கேக்கும், வேரு எங்கிட்டுப் போகும். அப்பறம் பள்ளம் பறிச்சுச் சாச்சுப் படுக்க வச்சு, ஈர மணலு போட்டு மூடணும்.”

“மண்ணுக்குள்ள வேரப் பொதைச்சா நட்டதுதானே?” என்றேன் நான். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

“படுத்திருக்கவனப் பாத்து நிக்கிறான்னு சொல்லுவீங்களா? அதோட, நான் என்ன ஒங்க பங்காளியா? துட்டிக்குப் போனேன், குளிச்சேன், எனக்கு முடிஞ்சு போச்சு.”

குளிக்காமலே பேசுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் தலை ஈரமாகத்தான் இருந்தது. வருகிற வழியில் குளத்தில் முங்கிவிட்டு வந்திருக்கிறார்.

குளியலறை கட்டியபோது மிஞ்சிய மணல் வீட்டோரம் கிடந்தது. நான் மண்வெட்டியால் பள்ளம் பறித்தேன். அவர் மோசமான இரண்டு கட்டையும் சேர்த்து ஆறையும் சாய்த்து அடுக்கி, மணலை அள்ளி மூடினார். மருமகள் தண்ணீர் தெளித்தாள், செடியைத் தொடாமல் எட்ட நின்று.

“விடியக்காலம் நானே நட்டுட்டுப் போயிர்றேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார் சம்மந்தியம்மா.

எனக்குத் தயக்கமாக இருந்தது. யார் நட்டாலும் நிலம் எங்கள் நிலம்தானே, பெரியவரை இன்னும் எடுக்கக்கூட இல்லையே என்று ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் இன்னொரு பக்கமும் இருந்தது. முதல் செடி அவர் கையாலா என்று. மருமகள் பாத்திரம் கழுவுகிறவள் மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் இல்லை, அன்றைக்கு அடுப்பே எரியவில்லை. அதைப் பார்த்ததும் எழுந்து திரும்பவும் பெரியவர் வீட்டுக்கு நடந்தேன்.

பெரியவருடைய சம்சாரம் எனக்கு அக்கா முறை. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புருசனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பூச்செடி பேச்சை எடுக்க எனக்கு நாக்கூசியது. ஆனால் தீட்டு அவர் வீட்டுத் தீட்டு, அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது. காதோரம் குனிந்து, சேலையைத் துவைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா பெட்டி மேல் கையை வைத்தார்.

“மகன் பிளேனு எறங்குற வரைக்கும் கெடக் கூடாதுன்னு இவரு ஐஸ் பெட்டியில காத்துக்கிட்டு இருக்காரு. செத்தவரு காத்திருப்பாரு. உசுரோட இருக்கறது எப்படிடி காத்திருக்கும்?”

“கேட்டுட்டுச் செய்யலாமுன்னு...”

“நடச் சொல்லு. நம்ம கை வேணாம், ஒன் சம்மந்தி கையே வைக்கட்டும். கைராசி கைராசின்னு நீ முன்னால போயி நிக்காத.”

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவும் என் கையை ஒரு அழுத்து அழுத்தினார்.

விடிந்தும் விடியாமலும் தொடங்கினோம். சம்மந்தியம்மாவுக்கு மூட்டு வலி. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, அதையே நகர்த்தி நகர்த்திக் குழிக்குக் குழி போனார். வாளி நிறையப் புதுக் குழம்பு. கட்டு முழுவதும் அதற்குள்தான் நின்றது. வாளியிலிருந்து எடுத்த கை நேரே குழிக்குள் போகும், வேர் வெளியே இருப்பது ஒரு மூச்சு நேரம்தான். அவர் மண்ணைத் தள்ளிக் கையால் அழுத்தியதும், நான் எட்ட நின்று ஓஸ் பைப்பால் தண்ணீர் விட்டேன். மருமகள் தென்னங்கீற்றைக் கிழித்து ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் நிழலுக்குக் குத்தினாள். செடியைத் தொடவில்லை, கீற்றைத்தான் தொட்டாள். அது குற்றமில்லை என்று நாங்களே பேசி முடிவு செய்துகொண்டோம்.

“பொண்ணையும் கட்டிக் குடுத்து, தோட்டத்தையும் நட்டுக் குடுக்குறது நான் ஒருத்திதான்” என்றார் சம்மந்தியம்மா.

“பலகை எங்களுது” என்றேன் நான்.

வெயில் ஏறுவதற்குள் நாலு கட்டு, இருநூறு செடி முடிந்தது. மோசமான இரண்டு கட்டையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் மருமகள். “கெடக்கட்டும், மணலுக்குள்ள சோறா கேக்குது” என்று சம்மந்தியம்மா அதைப் படுத்தபடியே விட்டுவிட்டுக் குளித்துக் கிளம்பினார். மத்தியானம் சிங்கப்பூர் மகன் வந்து, சாயங்காலம் பெரியவரை நல்லபடியாக எடுத்தோம்.

அதற்குப் பிறகு தீட்டுக் கழிகிற வரைக்கும் எங்களுக்குத் தோட்டத்துக்குள் போகிற வழக்கமில்லை, தண்ணீரை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. அடுப்படி வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகள் ஒரு டம்ளர் கழுவக்கூடக் கொல்லைக்கு வருவாள்.

“அந்தா பச்சையாத் தெரியுது அத்தே.”

“அது கோரப்புல்லு.”

மறுநாளும் வருவாள். “இது கோர இல்ல.”

“எனக்குக் கண்ணு தெரியலத்தா. நீயே பாத்துச் சொல்லு.”

இரண்டு வாரம் ஆகும்போது ஒரு குச்சியின் கணுவில் அரிசி நுனி அளவுக்குத் துளிர். அதற்கடுத்த நாள் பக்கத்துக் குச்சியில். அவள் எண்ணத் தொடங்கியபோது நான் உள்ளே போய்விட்டேன். எண்ணும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது, எனக்குப் படபடப்பு வந்துவிடும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீடு கழுவி, தலை முழுகி, மறுநாள் காலையில் நான் மணலைக் கிளறினேன். இரண்டு கட்டில் நாற்பதுக்கு மேல் காய்ந்த குச்சி. அதற்கு நான்தான் பொறுப்பு, துவைத்துக் காயப் போட்டவள் நான்தானே. மிச்சம் ஐம்பத்து ஏழில் பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது, புது வேரும் முளைத்திருந்தது. அதையெல்லாம் குழம்பில் முக்கி, காலியாக இருந்த வரிசையில் என் கையாலேயே வைத்தேன். கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்தேன். வரிசை கடைசி வரிசைதான், ஆனாலும் வரிசைதானே.

சித்திரையில் பூ வந்துவிட்டது. முதல் பூவைக் கோயிலுக்குக் கொடுத்தோம். ஒரு சரம் பெரியவர் படத்துக்குப் போட்டோம், அக்கா வாங்கி மோந்து பார்த்துவிட்டு மாட்டினார். சம்மந்தியம்மா வாரத்துக்கு இரண்டு தடவை போன் போடுவார். முதலில் கேட்பது பேத்தியை இல்லை, மகளையும் இல்லை.

“எங்கையால வச்ச வரிச எப்படி இருக்கு சம்மந்தி? ஒங்க வரிசையவிட ஒசரமா இருக்குமே.”

“எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்பேன். ஒன்றுபோல இல்லை. அவர் வைத்தது என் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, என்னுடையது அதற்குக் கீழே. அதைப் போனில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

இப்போது என் மகனே மொட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு வண்டியில் பூ மார்க்கெட்டுக்குப் போகிறான்.

போன வாரம் விடியற்காலை மருமகள் மொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்து வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தேன். முந்திரிக் கம்பெனியிலிருந்து மேஸ்திரியம்மா போன். சீசன் தொடங்கிவிட்டதாம், ஆள் போதவில்லையாம், வருகிறாயா என்று கேட்கிறார். மருமகள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பறிப்பதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

“வர முடியாதுக்கா. கை ஒழியல.”

அந்தக் கையை நான் பார்த்தேன். பழைய கறுப்பு நகத்து ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் புளிக்குழம்பு வைத்தேன். ஸ்பூன் எடுக்காமல் பிசைந்து சாப்பிட்டாள்.